துகளுக்கு அஞ்சினோம், வெயிலை மறந்தோம்

(நீண்ட பதிவு. உடன்படுகிறவர்கள் நேரமிருந்தால் வாசிக்கலாம். மாறுபடுகிறவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.)

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் நடந்த சுற்றுச்சூழல் கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய அமர்வு. பேசியவர் மூத்த பேராசிரியர். பல நல்ல போராட்டங்களில் முன்நின்றவர். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றிப் பேசுகையில், அது அமைந்திருந்தால் அங்கிருந்து வெளிப்படும் கதிர்வீச்சு தேனி, இடுக்கி மக்களின் மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாகச் சிதைத்திருக்கும் என்றார். அரங்கில் கைத்தட்டல் எழுந்தது. முன்வரிசையில் இயற்பியல் ஆசிரியர்கள் மூவர் இருந்தனர். அவர்களும் தட்டினர். நான் தட்டவில்லை, ஆனால் எழுந்து மறுக்கவும் இல்லை. அன்று வாய் மூடியிருந்த குற்றத்திற்கு இன்று இந்தப் பதிவு.

என் வாதம் ஒன்றே. பொய்யான அச்சத்தைத் தீங்கற்ற தவறு என்று கருதுகிறோம். "கொஞ்சம் கூடுதலாகப் பயந்தால்தான் என்ன, எச்சரிக்கைதானே" என்கிறோம். அது பிழை. ஒரு சமூகத்தின் கவனத்திற்கும் அச்சத்திற்கும் அளவு உண்டு. அதைத் தவறான இடத்தில் செலவழித்தால், உண்மையில் உயிரைக் கொல்வது கேட்பாரற்றுப் போகிறது. அந்தச் செலவின் கணக்கைத் தீர்ப்பவர்கள் பெரும்பாலும் நாமல்லர்; நம்மைவிட எளியவர்கள்.

முதலில் அந்தத் துகளைப் பற்றி.

நியூட்ரினோ ஒன்று இருக்க வேண்டும் என்று வோல்ஃப்காங் பவுலி 1930இல் ஊகித்தார். அதைக் கண்டுபிடித்து உறுதிசெய்ய 1956வரை ஆயிற்று. கால் நூற்றாண்டு பிடித்ததற்குக் காரணம் எளியது: அது எதனோடும் மோதுவது மிக அரிது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. இதை நீங்கள் வாசிக்கும் இந்த நொடியிலும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகச் செல்கின்றன. இரவிலும் குறைவதில்லை, பூமி முழுவதையும் ஊடுருவித் தரையின் அடியிலிருந்து மேலேறி வருகின்றன. நம் உடலுக்குள்ளேயே பொட்டாசியம்-40 இருக்கிறது. வயதுவந்த ஒருவர் உடலில் நொடிக்குச் சுமார் 4,000 பொட்டாசியம் அணுக்கள் சிதைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆளுக்கொரு எதிர்நியூட்ரினோவை வெளியிடுகின்றன. அதாவது, நியூட்ரினோவை வெளியிடுவதுதான் அபாயம் என்றால், கருத்தரங்கில் கைதட்டிய ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 30 கோடிக்கு மேல் வெளியிடும் அபாயம்.

பொட்டிப்புரத்தில் அமையவிருந்தது நியூட்ரினோவை உண்டாக்கும் ஆலை அன்று. இயற்கையில் வருவதை அளக்கும் கருவி. 50,000 டன் இரும்புத் தகடுகள், அவற்றின் இடையே உணர்கருவிகள். மலையைக் குடைந்து, ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறையின் அடியில் அதை வைக்க விரும்பியதற்குக் காரணம், உள்ளிருந்து எதுவும் வெளியே வந்துவிடக் கூடாது என்பதன்று; வெளியிலிருந்து வரும் விண்கதிர்கள் உள்ளே வந்து அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான். மழைமானி மழையைப் பொழிவதில்லை. இதை விளக்க முனைவர் பட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்.

"வேறொரு கண்டத்தின் ஆய்வகத்திலிருந்து பிற்காலத்தில் நியூட்ரினோக் கற்றையை இங்கே அனுப்புவார்கள்" என்பது அடுத்த வாதம். அனுப்பினாலும் என்ன? பல ஆயிரம் கிலோமீட்டர் பாறையைத் தடையின்றிக் கடந்து வரும் ஒன்று, பொட்டிப்புரத்து விவசாயியின் ஒரு சாண் மார்பில் மட்டும் எப்படிச் சிக்கிக்கொள்ளும்?

இப்போது எல்லாரும் அஞ்சத்தக்க, உண்மையான கதிர்வீச்சுக்கு வருகிறேன். தமிழில் ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. வானொலி அலையும் கதிர்வீச்சு, வெயிலும் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, செர்னோபிலில் வெளிப்பட்டதும் கதிர்வீச்சு. இவற்றுள் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து, மரபணுவை நேரடியாகத் தாக்கும் ஆற்றல் உள்ளவற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு என்கிறோம். அதற்கும் அளவு முக்கியம். உலகில் சராசரி மனிதர் ஒருவர் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுக்கான சிடி ஸ்கேன் 10 மில்லிசீவர்ட் அளவில். புற்றுநோய் வாய்ப்பு கூடுவதைத் தெளிவாகக் காட்ட முடிவது ஏறத்தாழ 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல்.

இந்த அளவுகளை வெளிநாட்டு ஆய்வகத்து எண்கள் என்று தள்ளிவிட வேண்டாம். நம் கேரளத்தின் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரைக்கு வாருங்கள். மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால், தலைமுறைகளாக அம்மக்கள் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு கதிர்வீச்சில் வாழ்கிறார்கள். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அதே மணல்தான். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வு, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினரின் முயற்சியில் நடந்து, 2009இல் வெளியானது. வாழிடத்துக் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோய் கூடுகிறது என்பதற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. இதை வைத்துக் கதிர்வீச்சு உடலுக்கு நல்லது என்று எவரேனும் சொன்னால் அவரும் பொய்யரே. ஆபத்து இருந்தால், அவ்வளவு பெரிய குழுவிலும் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது என்பதுதான் அந்த ஆய்வு நமக்குச் சொல்வது.

கதிர்வீச்சு கொன்றதே இல்லையா? கொன்றது. 1986இல் செர்னோபிலில் கடும் கதிர்நோய்க்கு ஆளான 134 பேரில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தனர். கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் பல ஆயிரம் பேருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. அந்தப் பாலைக் குடிக்காதீர்கள் என்று சோவியத் அரசு உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் அவர்களில் பெரும்பாலோரைக் காத்திருக்கலாம். ரகசியத்தின் விலை அது.

ஃபுகுஷிமாவோ வேறொரு பாடம். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானில் ஏறத்தாழ 18,000 பேரைக் கொண்டன. அணுஉலை விபத்தின் கதிர்வீச்சினால் மக்களிடையே நேரடியாக விளைந்த உடல்நலத் தீங்கு எதுவும் பதிவாகவில்லை என்று பத்தாண்டு கழித்து ஐ.நா.வின் அறிவியல் குழு கூறியது. உலையில் பணிபுரிந்த ஒருவரின் நுரையீரல் புற்றுநோய் மரணத்தை மட்டும் ஜப்பான் அரசு 2018இல் கதிர்வீச்சுத் தொடர்பானதாக ஏற்று இழப்பீடு அளித்தது. ஆனால் வெளியேற்றமும் அதன் பின்விளைவுகளும் ஃபுகுஷிமா மாகாணத்தில் மட்டும் 2,300 பேருக்கு மேல் உயிரைப் பறித்தன. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவசரமாகத் தூக்கப்பட்ட முதியவர்கள், மருந்து கிடைக்காதவர்கள், ஊர் இழந்து மனம் உடைந்தவர்கள். அச்சமும் கொல்லும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்கிறது.

நமக்கு அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. 2018 மார்ச் இறுதியில் மதுரையில் நியூட்ரினோ எதிர்ப்பு நடைபயணம் தொடங்கிய வேளையில் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார், பின்னர் இறந்தார். அவருடைய நேர்மையை நான் ஒருபோதும் ஐயுற மாட்டேன். தம் மண்ணும் மக்களும் அழியப் போகிறார்கள் என்று அவர் மனமார நம்பினார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தவர்கள் யார்? மேடையில் மரபணு சிதையும் என்று சொன்னவர்களும், அது பொய் என்று அறிந்தும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர்களும் அல்லவா? நியூட்ரினோவின் பெயரால் தமிழ்நாட்டில் உயிர்ப்பலி நேர்ந்தது. அந்தத் துகள் யாரையும் தொடவில்லை.

இனி அந்த மலைக்கே போவோம். என் முனைவர் பட்ட ஆய்வு பொதுச் சுகாதாரம் சார்ந்தது. அதற்காகப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழிகளில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன். விடியும் முன்பே தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து பெண்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகிறார்கள். எட்டுப் பேர் அமரும் ஜீப்பில் பதினைந்து பேர், கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம். மாலையில் அதே ஜீப், அதே வளைவுகள். ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் சில நாள் சோதனை நடக்கும், பிறகு பழையபடியே.

தோட்டத்தில் அடுத்த ஆபத்து. ஏலக்காய்க்கு மருந்து அடிப்பது ஓய்வதே இல்லை. கையுறை இல்லை, முகமூடி இல்லை. தலையில் கட்டிய துண்டே பாதுகாப்பு. நான் உரையாடிய ஒரு மூதாட்டி சொன்னதை அப்படியே தருகிறேன்: "மருந்தடிச்ச அன்னைக்குத் தலை கிறுகிறுன்னு வரும் தம்பி. ஒரு நாரத்தங்காயைக் கடிச்சுக்கிட்டுப் படுத்தாச் சரியாப் போகும். மறுநா வேலைக்குப் போகணுமே." இந்தத் தலைச்சுற்றலுக்கு எந்த மேடையிலும் கைத்தட்டல் எழுந்து நான் கண்டதில்லை.

அதே ஏலக்காய் ஒருமுறை தலைப்புச் செய்தியானது. 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகக் கூறி கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. பின்னர் 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்ட வழக்கின் சரி தவறுக்குள் நான் செல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆண்டுக்கொரு முறை ஒரு கரண்டி பாயசத்தில் கலந்திருக்கக்கூடிய துளி எச்சத்துக்கு நாடு பதறியது. அந்த மருந்தை ஆண்டு முழுவதும் மூச்சில் இழுப்பவர்களைப் பற்றி, அதே விவாதங்களில், ஒரு வரிகூட இல்லை.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மீது விழுந்தது. எழுபது உயிர்கள். பெரும்பாலோர் தமிழர்கள், ஒரே குடும்பத்தில் பலர். மண்சரிவு அபாயமுள்ள சரிவின் அடியில், காலனிய காலப் பாணி வரிசை வீடுகளில் மனிதர்களை வைத்திருப்பது குறித்து அதற்கு முன்பு எத்தனை கருத்தரங்குகள் நடத்தினோம்? 2018 மார்ச் 11 அன்று போடி மலையின் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொட்டிப்புரத்திலிருந்து அது தொலைவில் இல்லை. அந்த மலையில் நம் கண்முன்னே நடந்த மரணங்கள் மண்ணாலும் தீயாலும் ஜீப்பாலும் நேர்ந்தவை.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். மலைமக்களை மட்டும் பேசிவிட்டு நகர்வது நேர்மையாகாது.

நான் கல்பாத்தியில் வளர்ந்தவன். விசுவநாத சுவாமி கோயிலும் ஐப்பசித் தேரும் ஆற்றங்கரையும் உலகறிந்தவை. படித்தவர்கள் நிறைந்த ஊர். சில ஆண்டுகளுக்கு முன், செல்பேசிக் கோபுரம் ஒன்றை எதிர்த்து எங்கள் பகுதி வீட்டுத் திண்ணையொன்றில் கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். கோபுரத்திலிருந்து வரும் அலைகள் அயனியாக்காதவை. 2012 செப்டம்பர் முதல் இந்தியா அவற்றுக்கான வரம்பைப் பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. இதை நான் சொன்னபோது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இடைமறித்தார்: "உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கு, தெரியுமோ?" உண்மைதான். அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் அவ்வலைகளைப் "புற்றுநோய் விளைவிக்கக் கூடும்" என்னும் ஐயப் பிரிவில் வைத்தது. ஆசிய மரபு ஊறுகாயும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெற்றிலைத் தட்டு வந்தது. எல்லாரும் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டனர். அதே முகமை, கொட்டைப்பாக்கை 2004ஆம் ஆண்டிலேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது ஐயமற உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்தது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் அப்படியே. ஐயத்திற்குரியதை எதிர்த்துத் தீர்மானம் எழுதிக்கொண்டே, உறுதியானதை மென்றுகொண்டிருந்தோம். நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தத் திண்ணையில் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பன்னிரண்டில் மூவர் என்று கணக்கு. எங்கள் திண்ணையில் அதைவிட அதிகம். கூட்டம் முடிந்ததும் அனைவருக்கும் சர்க்கரை இட்ட காப்பி.

இதில் சிரிப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி தென்பட்டது. மருத்துவர் மேமோகிராம் எடுக்கச் சொன்னார். "அந்தக் கதிர் பட்டா இல்லாத புத்துநோயும் வந்துடும்னு எல்லாரும் சொல்றா. எனக்கு வேண்டாம்டா" என்றார் பெரியம்மா. படித்த குடும்பம். ஒருவரும் வற்புறுத்தவில்லை, அப்போது இளங்கலை மாணவனாக இருந்த நானும் வற்புறுத்தவில்லை. அந்தப் பரிசோதனையில் உடல் பெறும் அளவு ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட், இரண்டு மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். ஒன்றரை ஆண்டு கழித்துப் போனபோது அது எலும்புவரை பரவியிருந்தது. முன்பே போயிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவத்தில் அப்படி உறுதிசொல்ல முடியாது. வாய்ப்பு இருந்தது, அதை ஒரு வதந்தி பறித்தது. "எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கோபுரத்தை எதிர்த்த அதே நடுத்தர வர்க்கம்தான், மருத்துவர் கேட்காமலே "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம்" என்று சிடி ஸ்கேன் மையத்தின் முன் நிற்கிறது. சாமானியரின் வாழ்வில் அயனியாக்கும் கதிர்வீச்சு மெய்யாகவே கூடும் இடம் அதுதான். தேவையான பரிசோதனையை மறுக்கிறோம், தேவையற்றதைக் கேட்டு வாங்குகிறோம். நம் அச்சத்திற்கும் அளவுகளுக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. வெப்பநிலை 41 பாகையைத் தாண்டியது. கணவாய் வழியே வரும் வறண்ட காற்றைப் பழகிய எங்களுக்கே அது புதிது. வயலிலும் சாலைப் பணியிலும் கட்டடங்களிலும் நின்றவர்கள் சுருண்டு விழுந்தார்கள். சூரியன் நமக்கு இரண்டையும் அனுப்புகிறது: நொடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்களையும், இந்த வெயிலையும். முதலாவதை எதிர்த்து நடைபயணம் போனோம். இரண்டாவதற்கு, நண்பகல் வேலைநேரத்தை மாற்று, நிழலும் நீரும் கொடு, விழுந்தவருக்கு அரை நாள் கூலியைப் பிடிக்காதே என்று கேட்டு எத்தனை கையெழுத்து திரட்டினோம்?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். வலுவான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "மக்கள் தாமாக ஏற்கும் ஆபத்து வேறு, அவர்கள்மீது திணிக்கப்படும் ஆபத்து வேறு. வெற்றிலை போடுவது என் விருப்பம். கோபுரம் என் விருப்பமன்று." மதிக்கத்தக்க வாதம். ஆபத்தை உயிரிழப்பு எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது, யார் தீர்மானித்தார்கள் என்பதும் நீதியின் பகுதி என்பதை ஏற்கிறேன். ஆனால் ஜீப்பின் பின்படியில் தொங்குகிற பெண் தாமாகவா அதைத் தேர்ந்தார்? மருந்து அடிக்கும் தொழிலாளிக்கு முகமூடி வேண்டாம் என்பது விருப்பமா? பெட்டிமுடி லயத்தில் உறங்கியவர்கள் அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்களா? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், நாளுக்கு ஏறத்தாழ 49 பேர். அவர்களில் பலர் சாலையோரம் நடந்து சென்றவர்கள். திணிக்கப்பட்ட ஆபத்துதான் உங்கள் அளவுகோல் என்றால், பட்டியலின் முதல் வரியில் இவை இருக்க வேண்டும்.

இரண்டு: "அரசையும் அணுசக்தித் துறையையும் எப்படி நம்புவது?" நம்ப வேண்டாம். கூடங்குளத்தில் கேள்வி கேட்ட இடிந்தகரை மீனவர்கள் மீதும் பெண்கள் மீதும் ஆயிரக்கணக்கில் வழக்குகள், அவற்றுள் தேசத்துரோகப் பிரிவும்! உலையின் பாதுகாப்பை விளக்குவதற்குப் பதிலாகக் காவலர்களை அனுப்பிய அரசு, கதிர்வீச்சு பற்றிய ஒவ்வொரு வதந்திக்கும் தானே உரமிட்டது. மீனவர் கேட்ட கேள்விகள் அறியாமையிலிருந்து எழுந்தவையல்ல. கடலும் பிழைப்பும் யாருடையவை என்னும் கேள்விகள் அவை. அவற்றை "மூடநம்பிக்கை" என்று ஏளனம் செய்த அறிவியலாளர்களையும் இந்தப் பதிவு விட்டுவைக்கவில்லை. ஆனால் அரசு பொய் சொல்கிறது என்பதால் எதிர்த்தரப்புப் பொய் மெய்யாகிவிடாது. மேலும், அணுஉலைக்கும் நியூட்ரினோ உணர்கருவிக்கும் வேறுபாடு காணாதவர், உலையை எதிர்க்கும்போதும் தம் சொல்லின் மதிப்பைக் குறைத்துக்கொள்கிறார்.

மூன்று: "பொட்டிப்புரம் திட்டத்தில் வேறு குறைகளே இல்லையா?" இருந்தன, என் சினத்தின் மையமே இதுதான். புலிகள் நடமாடும் பெரியாறு – மதிகெட்டான் சோலை வழித்தடம், சுரங்கம் குடைய வைக்கும் வெடிகள், தோண்டிய பாறையைக் கொட்டுமிடம், நீர், மேய்ச்சல் உரிமை, ஊராரிடம் கேட்காமல் எடுத்த முடிவு. இவை அனைத்தும் நேர்மையான வினாக்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தபோது, காரணங்களுள் ஒன்று, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைச் செய்த நிறுவனத்துக்கு அதற்கான உரிய அங்கீகாரம் இல்லை என்பது. 2018இல் மத்திய அமைச்சகம் அதைத் தனிச்சிறப்பாகக் கருதி மீண்டும் அனுமதி அளித்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தபோதும் முன்வைத்தது காட்டையும் புலி வழித்தடத்தையும்தான். நீதிமன்றத்தில் நின்ற வாதங்கள் இவை. ஆனால் மேடைகளில் மக்கள் கேட்டது மரபணு சிதைவையும் கதிர்வீச்சையும். விளைவு என்ன? திட்டத்தின் ஆதரவாளர்கள் மிக எளிதாக, "பாருங்கள், இவர்களுக்கு இயற்பியலே தெரியவில்லை" என்று சொல்லி, புலியையும் பாறையையும் ஊராரின் ஒப்புதலையும் சேர்த்தே ஒதுக்க முடிந்தது. பொய்யான அச்சம் மெய்யான எதிர்ப்பின் குரலைக் கெடுத்தது.

வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த சோதனைகளுள் ஒன்று நம் அருகில் நடந்தது: 1965, கோலார் தங்கவயல், தரைக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. அந்தச் சுரங்கத்தில் வேலைசெய்த பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழர்கள், பெரும்பகுதி தலித் மக்கள். பல ஆண்டுகள் அந்தக் கருவிகள் அவர்களோடு ஒரே பாறையின் அடியில் இருந்தன. அவர்களுடைய நுரையீரலைத் தின்றது பாறைத்தூசி. சிலிக்கோசிஸ். பாறை வெடித்துச் சரிந்ததும் பலரைக் கொன்றது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது, நோயோடும் வேலையின்றியும் அவர்கள் கைவிடப்பட்டனர். நியூட்ரினோவால் என்ன ஆகும் என்று அஞ்சும் பேராசிரியர்கள், அதனோடு பல்லாண்டு ஒரே குழியில் இருந்த தமிழர்களுக்கு எதனால் என்ன ஆயிற்று என்று ஒருமுறை சென்று கேட்டிருக்கலாம்.

கல்விப்புலத்து நண்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. மாணவர்களுக்கு "கதிர்வீச்சு" என்று சொல்லும்போது, எந்த வகை, எவ்வளவு, எதனோடு ஒப்பிட்டு என்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த கூட்டறிக்கையில் கையெழுத்திடும் முன், அதே மாவட்டத்தில் சென்ற ஆண்டு மக்கள் எதனால் இறந்தார்கள் என்று மாவட்ட மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். தோட்ட ஜீப்புக்கு ஆள்வரம்பு, மருந்து அடிப்போருக்குக் கவசமும் மாதாந்திர இரத்தப் பரிசோதனையும், மலைச்சரிவிலிருந்து லயங்களை மாற்றுதல், கோடையில் வேலைநேர மாற்றம், ஊருக்கு ஊர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல். இவற்றில் ஒன்றுக்காவது உங்கள் துறை ஒரு கருத்தரங்கு நடத்தட்டும். கைதட்ட நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.

கருத்தரங்கு முடிந்து அந்தப் பேராசிரியர் என்னிடம் அன்போடு, "நீ ஒண்ணும் பேசலையேப்பா?" என்றார். "இல்லை ஐயா, நேரமில்லை" என்றேன். அது பொய். நேரம் இருந்தது, துணிவுதான் இல்லை. ஐயா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபித்துக்கொள்ளாமல் மறுமொழி எழுதுங்கள். மற்றவர்களும் எழுதலாம், வசவுகளை நீக்க மாட்டேன், ஆனால் எண்களோடு வருபவர்களுக்கே முதலில் பதில் சொல்வேன்.